முப்பத்தொன்பதாம் பக்கம்

எங்கள் ஆற்றங்கரையில் இருபது ஏக்கரில் கிராவல் குவாரி வரப்போகிறது என்று சொல்லும் திட்ட அறிக்கையை, நூற்றுப் பன்னிரண்டு பக்கம், மேலே பிளாஸ்டிக் அட்டை போட்டு, ஓடக்கரைப்பாளையம் பஞ்சாயத்து ஆபீஸ் பலகைக்குக் கீழே ஓர் ஆணியில் சணல் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். தொங்கவிட்ட நாளிலிருந்து அது ஒரு நாளைக்கு ஒரு பக்கமாக ஊரில் நடக்கத் தொடங்கியது. முதல் பதினாறு நாள் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் முதல் பதினாறு பக்கங்களில் குத்தகைதாரர் பெயரும் சர்வே எண்ணும் வரைபடமும் தவிர ஒன்றும் இல்லை. பதினேழாம் நாள் காலையில் தென்கிழக்கிலிருந்து உப்புக்காற்று அடித்தது. கடல் எங்களுக்கு ஒரு நாள் பஸ் பயணத் தொலைவு. கொடியில் காய்ந்த துணியெல்லாம் பிசுபிசுத்தது, மாடுகள் சுவரை நக்கின, பெண்கள் குழம்பில் உப்பைக் குறைத்துப் போட்டார்கள், அத்தோடு விட்டுவிட்டார்கள்.

நான் மாரப்பன். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவன். தொட்டி நிரம்ப இரண்டரை மணி நேரம் ஆகும், அதுவரை ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து கையில் கிடைத்ததைப் படிப்பேன். கிடைத்தது அந்த அறிக்கைதான். பதினேழாம் பக்கத்தில் 'திட்டப் பகுதியில் தென்கிழக்கிலிருந்து உப்பு கலந்த கடற்காற்று வீசுகிறது' என்று போட்டிருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன், பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தொட்டியில் ஏறிக் குடித்தேன் என்பார்கள்.

அறிக்கையை எழுதியவர் தணிகைவேல் என்ற பொறியாளர், ஊரில் அவருக்குப் பிளான்காரர் என்று பெயர். ஆற்றோரத்தில் சரளை தோண்ட வேண்டுமென்றால் சட்டம் நூறு கேள்வி கேட்கும்: பக்கத்தில் கிணறு உண்டா, பாலம் உண்டா, இடுகாடு உண்டா, ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா, என்ன பறவை, என்ன மரம். மூன்று மாதம் ஊரில் தங்கி எல்லாவற்றையும் அளந்து எழுத வேண்டும் என்பது விதி. அவர் ஒரே ஒரு நாள் வந்தார், அன்றைக்குப் பார்த்து மழை. காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை இறக்காமல் ஆற்றைப் பார்த்தார், காற்றில் தூசு பிடிக்கும் பெட்டி ஒன்றை என் தொட்டி மேல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு பெட்டியோடு போய்விட்டார். அந்த மாதம் அவர் கையில் எட்டுக் குவாரி இருந்ததாம். கடலோரத்தில் எங்கோ ஒரு மணல் குவாரிக்கு முன்பு எழுதிய அறிக்கையை எடுத்து, ஊர்ப் பெயரையும் சர்வே எண்ணையும் மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே விட்டுவிட்டார். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான், யாரும் படிப்பதில்லை என்ற நம்பிக்கையில் செய்வது.

முப்பத்தொன்றாம் நாள் ஆற்றில் பூநாரைகள் வந்து நின்றன. நாற்பத்தொரு பறவைகள், ரோஸ் நிறம், ஆளுயரம், ஒற்றைக் காலில். அறிக்கையிலும் நாற்பத்தொன்றுதான். ஊர் இரண்டு நாள் கரையில் நின்று பார்த்தது. மூன்றாம் நாள் ஆடு மேய்க்கிறவர்கள் அவற்றை விலக்கிக்கொண்டு ஆட்டைத் தண்ணிக்கு விட்டார்கள். டீக்கடைக்காரர் தங்கராசு மட்டும், இதெல்லாம் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள் என்று இரண்டு பெஞ்சு கூடுதலாக வாங்கிப் போட்டார். ஒருவரும் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் அறிக்கையோடு ஊர்க்கூட்டத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். நாளை மறுநாள் முப்பத்தெட்டாம் பக்கம், 'முந்நூறு மீட்டருக்குள் பாசனக் கிணறோ குடிநீர்க் கிணறோ இல்லை' என்று எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டினேன். எங்களுக்கு அந்த முந்நூறு மீட்டருக்குள் ஒன்பது கிணறு, அதில் ஒன்று என் தொட்டிக்குத் தண்ணீர் தரும் கிணறு. பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு மருமகன் எழுந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து வாயில் போட்டு மென்று விழுங்கினான். ஆனால் தாலுகா ஆபீஸில் ஒரு காப்பி, கலெக்டர் ஆபீஸில் ஒரு காப்பி, நூலகத்தில் ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸில் ஒன்று இருந்தது. அதையெல்லாம் யார் போய் மெல்வது?

முப்பத்தெட்டாம் நாள் ஒன்பது கிணறும் இல்லை. தூர்ந்துபோகவில்லை, இடியவில்லை, அங்கே எப்போதும் கிணறே இருந்ததில்லை என்பதுபோல அருகம்புல் முளைத்த கெட்டித் தரை இருந்தது, புல் மேல் மோட்டாரும் குழாயும் அனாதையாகக் கிடந்தன. வீட்டுப் பெட்டியில் இருந்த கிணற்று மின்இணைப்பு அட்டைகள் வெள்ளைத் தாளாகிவிட்டன. பெண்கள் அன்றைக்கு மேட்டுத்தோட்டம் வரை நடந்து போய்க் குடம் எடுத்தார்கள், மறுநாளும் எடுத்தார்கள், ஒரு வாரத்தில் அந்தப் பாதையில் காலடித் தடமே விழுந்துவிட்டது. மனுஷனுக்கு எதுவும் ஒரு வாரத்தில் பழகிப்போகும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

முப்பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரே வரி. 'திட்டப் பகுதியிலும் அதைச் சுற்றியும் இடுகாடோ புதைகுழியோ ஏதும் இல்லை.' அது எங்களுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. நாங்கள் செத்தவரை எரிக்கிறவர்கள், எங்கள் சுடுகாடு இரண்டு மைல் தள்ளி இருக்கிறது. பாவாயி அக்காவின் மகள் நினைப்பு ஒருவருக்கும் வரவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், அனுமதி எதுவும் வாங்காத லாரிக்காரர்கள் ஆற்றங்கரையில் இரண்டாள் ஆழத்துக்குத் தோண்டிவிட்டுப் போன குழியில் மழைத்தண்ணீர் நின்றபோது, ஏழு வயசு கோகிலா அதில் விழுந்து செத்தாள். தண்ணீரில் போன பிள்ளையை ஊருக்குள் தூக்கி வரக் கூடாது, கரையேற்றிய இடத்திலேயே புதைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அப்படியே புதைத்தோம். அவள் அப்பன் அதற்குப் பிறகு திருப்பூர் போனவன் திரும்பவில்லை.

முப்பத்தொன்பதாம் நாள் காலை ஏழு மணிக்குக் கோகிலா ஆற்றுப் பக்கத்திலிருந்து நடந்து வந்தாள். அதே பச்சைப் பாவாடை, தலை நனைந்திருந்தது. மாரியம்மன் கோயிலைத் தாண்டி, தங்கராசு கடையைத் தாண்டி, வழியில் நின்ற என்னைப் பார்த்து, "மாரப்பா மாமா, எங்கம்மா ஊட்டுல இருக்குதுங்களா?" என்று கேட்டாள். இருக்குது கண்ணு என்றேன். வேறு என்ன சொல்ல?

பாவாயி அக்கா வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்தாள், வாளியைக் கீழே வைத்தாள், புடவைத் தலைப்பை எடுத்து அவள் தலையைத் துவட்டத் தொடங்கினாள். மத்தியானம் வரை துவட்டினாள். ஈரம் போகவில்லை.

தண்ணீரில் போன பிள்ளை ஊருக்குள் வரலாமா என்று அன்றைக்குக் கோயிலடியில் பேச்சு நடந்தது. தூக்கி வரக் கூடாது என்பதுதான் வழக்கம், இவளை யாரும் தூக்கி வரவில்லை, தானாக நடந்து வந்தாள், அதனால் குற்றமில்லை என்று பூசாரி சொன்னார், எல்லோரும் அதை ஒத்துக்கொண்டு கலைந்தார்கள். பள்ளிக்கூட டீச்சர் பழைய வருகைப் பதிவேட்டைத் தேடி எடுத்து, பதினோரு வருஷத்தை நீண்ட விடுப்பு என்று எழுதி, இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்தார். அவளோடு படித்த அம்பிகா இப்போது மில்லுக்குப் போகும் பதினெட்டு வயசுப் பெண், அந்தக் காலத்தில் இவளிடம் இரவல் வாங்கிய பென்சில் டப்பாவைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து திருப்பிக் கொடுத்தாள், கொடுத்துவிட்டுத் திகைத்துப்போய் அழுதாள். கோகிலா உட்கார்ந்த இடத்தில் எல்லாம் கொஞ்சம் ஆற்றுமணல் கிடக்கும். பாவாயி அக்கா அதைப் பெருக்கிக் கொட்டமாட்டாள், முறத்தில் அள்ளி வீட்டு மூலையில் சேர்த்துவைத்தாள்.

பதினோரு வருஷமாக எங்களோடு நாலு வார்த்தை பேசாதவள் அந்தப் பதினோரு நாளில் பேசின பேச்சு கொஞ்சமில்லை. கடைக்கு வந்து முறுக்கு வாங்குவாள், "இவளுக்குத் தேங்காய் முறுக்குதான் புடிக்கும், வேற தொடமாட்டா" என்று கேட்காதவனிடம்கூடச் சொல்வாள். குவாரி என்று பேச்செடுத்தால் மண்ணை வாரித் தூற்றியவள், "வந்தா வரட்டும் போ, எதுக்கும் ஒரு நல்லது இருக்குது" என்றாள்.

நாற்பத்துநாலாம் நாள் ஆறு நின்றது. 'இப்பகுதியில் ஆறு ஆண்டு முழுவதும் வறண்டு காணப்படும்.' பூநாரைகள் காய்ந்த மணலில் நின்று எங்களைப் பார்த்தன. மேட்டுத்தோட்டத்துக் கிணறும் அதற்கு மறுநாள் சேறு காட்டியது.

கருத்துக்கேட்புக் கூட்டம் ஐம்பதாம் நாள் என்று போட்டிருந்தது. அதற்கு மூன்று நாள் முன்னால் பிளான்காரர் வந்தார், இந்தத் தடவை கண்ணாடியை இறக்கினார். நடந்ததை எல்லாம் சொன்னோம். அவர் ஆச்சரியப்படவில்லை, கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சில ஊர்ல இப்படி ஆகிடுதுங்க. ஆபீஸ்ல சொன்னா நம்பமாட்டாங்க. கூட்டத்துல அறிக்கை தப்புன்னு நிரூபிச்சீங்கன்னா ரத்தாயிடும். ஒரு வரி தப்புன்னாலும் மொத்தமும் ரத்து."

"எல்லாமே தப்புத்தானுங்களே?" என்றார் தலைவர்.

"இப்ப எது தப்பு, சொல்லுங்க? கிணறு இல்லைன்னு எழுதியிருக்கேன், கிணறு இல்லை. ஆறு வறண்டதுன்னு எழுதியிருக்கேன், வறண்டிருக்கு. அதிகாரி வந்து பார்த்தா நான் எழுதின மாதிரி ஒரு அறிக்கை இந்த மாவட்டத்துலயே கிடையாதும்பார்." அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிட்டது. பிறகு, "இல்லாத ஒண்ண இருக்குதுன்னும் சொல்லிடாதீங்க. அதுவும் பதிவாகும். பதிவானா அதுவும் நடக்கும். பொய்யா ஒரு குழியைச் சொன்னீங்கன்னா, அந்தக் குழிக்கு ஒரு ஆள் வேணும்" என்றார்.

யாரும் பாவாயி பெயரைச் சொல்லவில்லை. நான் சொன்னேன். கோகிலா செத்தபோது போலீஸ் எழுதிய விசாரணைத் தாள் அந்த அக்கா பெட்டியில் இருக்கிறது, அதில் புதைத்த இடம் சர்வே எண்ணோடு இருக்கிறது, என் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்றேன். புதைகுழி இல்லை என்றுதான் அறிக்கை சொல்கிறதே தவிர, சாவு இல்லை என்று சொல்லவில்லை, அதனால் அந்த ஒரு தாள் மட்டும் வெளுக்காமல் இருக்கும். எனக்குப் படிப்பு எட்டாவதுதான், ஆனால் அன்றைக்கு வக்கீல் மாதிரி யோசித்தேன், அதற்காக என்னை நான் மன்னிக்கவே இல்லை.

ஐந்து பேர் போனோம். கோகிலா உள்ளே மணலில் கோடு கிழித்து விளையாடிக்கொண்டிருந்தாள். தலைவர் சுற்றிவளைத்துப் பேசினார், ஊர், தண்ணி, எழுபது குடும்பம், மாடு கன்று என்று. பாவாயி அக்கா கடைசிவரை குறுக்கே பேசவில்லை.

"பெட்டியில இருக்கற தாளைக் கேக்கறீங்க" என்றாள்.

"ஆமாங்க்கா" என்றேன்.

"அன்னைக்கு லாரி வந்து தோண்டுனப்ப, போயித் தடுங்கன்னு இந்த வாசல்ல நின்னு உங்க அஞ்சு பேரையும்தான் கும்பிட்டேன். மண்ணுதானே, எடுத்துட்டுப் போறான் போன்னு சொன்னீங்க. நெனப்பு இருக்குதா மாரப்பா?"

இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்தக் குழியில போனவ. இப்ப அந்தப் பிளான்காரன் தப்புல திரும்பி வந்திருக்கறா. அதையும் உங்களுக்குக் குடுக்கோணுமா?"

எழுந்து வந்துவிட்டோம். அடுத்த இரண்டு நாளில் தங்கராசுவின் சினைமாடு தண்ணியில்லாமல் கன்றோடு செத்தது, மூன்று குடும்பம் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு உறவுக்காரர் ஊருக்குப் போனது, பால்வாடியில் பிள்ளைகளுக்குப் பேதி கண்டு ஒரு கைக்குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பாவாயி அக்கா அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில், பந்தல் போட்டு, காலை பதினோரு மணிக்கு. மைக் செட்டுக்கும் கரண்டுக்கும் நான்தான் பொறுப்பு. மேடையில் அதிகாரி, அவர் பக்கத்தில் தட்டச்சு செய்யும் ஒரு பெண், ஓரத்தில் பிளான்காரர். ஒவ்வொருவராக எழுந்து கிணறு என்றார்கள், ஆறு என்றார்கள். அதிகாரி நல்ல மனிதர்தான், கிணற்றைக் காட்டுங்கள் என்று தானே எழுந்து நடந்து போய் அருகம்புல்லைப் பார்த்துவிட்டு வந்தார். வேறு யாராவது உண்டா என்று கேட்டார்.

பாவாயி அக்கா பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கோகிலாவோடு உட்கார்ந்திருந்தாள். மகளை நாற்காலியில் இறக்கி உட்காரவைத்து, பாவாடையைச் சரிசெய்து, கையில் ஒரு தேங்காய் முறுக்கைக் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள். தாளை அதிகாரியிடம் நீட்டினாள். மைக்கைப் பிடித்து, "எம்புள்ளய அந்தக் கரையிலதானுங்க பொதச்சிருக்கு" என்றாள். மைக் கேட்கவில்லை. தட்டச்சுப் பெண் கையைக் காதருகே வைத்துக் காட்டினாள். அதற்குள் பின்னால் இருந்தவர்கள் பார்த்தார்கள், கோகிலாவின் தலை காய்ந்திருந்தது.

நான் ஒயரை அசைத்துப் பார்த்தேன். மறுபடி சொல்லுங்கம்மா என்றார் அதிகாரி. அவள் திரும்பிப் பார்க்காமல் மறுபடி சொன்னாள். வீட்டு மூலையில் சேர்த்துவைத்த மணல் அந்த நேரத்தில்தான் தரையோடு தரையாகப் போனதாம். மைக் அப்போதும் கேட்கவில்லை. பதிவாக வேண்டுமென்றால் தெளிவாகக் கேட்க வேண்டும், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாவாயி அக்காவும் பார்த்தாள். ஒயர் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, சொருகாமல் விட்டிருக்கலாம், என் கை சொருகியது.

"எம்மக கோகிலா செத்துப்போயிட்டாளுங்க. ஆத்தங்கரையில பொதச்சிருக்கு" என்று அவள் சொன்னது ஊர் முழுக்கக் கேட்டது.

நாற்காலியில் பாதி கடித்த முறுக்கு இருந்தது. பூநாரைகள் எழுந்து பந்தலுக்கு மேலே பறந்து போயின. சாயங்காலம் ஒன்பது கிணற்றிலும் தண்ணீர் இருந்தது, இரவெல்லாம் ஆறு ஓடும் சத்தம் கேட்டது, மறுநாள் நான் தொட்டி நிரம்பிவழிய மோட்டார் போட்டேன். ஊரே குளித்தது. பாவாயி அக்கா வீட்டுக் கதவு நாலு நாள் திறக்கவில்லை. நாங்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தோம், வேறு என்ன கொடுப்பது என்று தெரியாமல்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் சொல்லவே மாட்டேன். பிளான்காரர் மறுபடி வந்தார், இந்தத் தடவை விதிப்படி மூன்று மாதம் தங்கினார். மழையில் நனைந்துகொண்டு அளந்தார், ஒவ்வொரு கிணற்றிலும் கயிறு விட்டார், கொக்கை எண்ணினார், மைனாவை எண்ணினார். புது அறிக்கையில் ஒரு தப்பு கிடையாது, நானே வரி வரியாகப் படித்துப் பார்த்தேன். முப்பத்தொன்பதாம் பக்கத்தில் 'ஒரு புதைகுழி உள்ளது. அதைச் சுற்றி ஐம்பது மீட்டர் விட்டுத் தோண்டப்படும்' என்று எழுதியிருந்தார். கிணறுகளுக்கும் அப்படியே இடம் விட்டிருந்தார். எதிர்த்துச் சொல்ல எங்களிடம் ஒரு வரி இல்லை. அனுமதி கிடைத்தது.

லாரிகள் வந்தன. அளவு மீறவில்லை, நேரம் மீறவில்லை, தூசுக்குத் தண்ணீர் தெளித்தார்கள், ஓரத்தில் வேப்பங்கன்று நட்டார்கள். இரண்டு வருஷத்தில் கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாக, அதே இடத்தில், கைப்பிடிச் சுவரோடு, சட்டப்படி வற்றின. இருபது ஏக்கர் பள்ளத்துக்கு நடுவில் வட்டமாக ஒரு துண்டு நிலம் மட்டும் உயரத்தில் நிற்கிறது. அதன் நடுவில் கோகிலா. பக்கத்தில் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு பாவாயி அக்கா அங்கேயே குடிபோய்விட்டாள். என் தொட்டிக்கு இப்போது வாரத்துக்கு ஒருநாள் லாரியில் தண்ணீர் வருகிறது.

போன மாசிக்கு முன்பு ஒருநாள் பாவாயி அக்கா ரேஷன் கடையில் என்னை நிறுத்தி, "ஏப்பா மாரப்பா, அந்தப் பழைய பிளான் ஆபீஸ்ல கெடக்குதா?" என்று கேட்டாள். தப்பா எழுதினதுங்களா அக்கா என்றேன். "அதுதான்" என்றாள். அன்றைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். மற்ற ஆபீஸ் காப்பிகள் எல்லாம் பழைய பேப்பருக்குப் போய்விட்டன, எங்களுடையது மட்டும் என் வீட்டு அரிசிப் பானைக்கு அடியில் இருந்தது. மென்று விழுங்கிய ஒரு தாளைத் தவிர எல்லாம் இருந்தது.

அந்த ஒரு தாளை நினைவிலிருந்து நானே எழுதிச் சேர்த்தேன். முப்பத்தொன்பதுக்குப் பிறகு இருந்ததை எல்லாம் கிழித்து அடுப்பில் போட்டேன். பஞ்சாயத்து ஆபீஸ் ஆணியில் அதே சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். ஒரே ஒரு காப்பிக்கு அந்தச் சக்தி உண்டா என்று எனக்குத் தெரியாது. பதினேழாம் நாள் துணி பிசுபிசுத்தது. முப்பத்தொன்றாம் நாள் பள்ளத்தில் தேங்கிய செம்மண் தண்ணீரில் நாற்பத்தொரு பூநாரைகள் வந்து நின்றன, லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து விலக்கிக்கொண்டு போனார்கள்.

இன்று முப்பத்தெட்டாம் நாள். காலையில் ஒன்பது கிணறும் போய்விட்டன. யாரும் என்னிடம் வந்து சொல்லவில்லை, யாரும் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. பாவாயி அக்காவிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை, ஆனால் பள்ளத்தைத் தாண்டி மேலேறி வந்து தங்கராசு கடையில் தேங்காய் முறுக்கு ஒரு பாக்கெட் வாங்கினாள், துவட்டுவதற்கு ஒரு புதுத் துண்டும் வாங்கினாள், என் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.